அந்த இன்டெக்ஸ் லாக்கை டெலீட் பண்றதை நிறுத்துங்கய்யா!

ஓஎம்ஆர்ல எந்த டீமோட டெப்ளாய் ஸ்கிரிப்டைத் திறந்தாலும் தலைமாட்டுலயே இந்த வரிதான்: கோடு மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கிற கிட் (git) டூலோட ஃபோல்டருக்குள்ள இருக்கிற இன்டெக்ஸ்.லாக்ங்கிற (index.lock) பூட்டு ஃபைலைக் கேள்வி கேட்காம டெலீட் பண்ணு. யாரோ எழுதினது, எல்லாரும் காப்பி அடிக்கிறாங்க.

தி.நகர் பஸ்ஸுல ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கிற கதைதான் அந்த ஃபைல். போட்டவர் பின்னாடியே ஏறிட்டு இருக்காரான்னு பார்க்காம தூக்கி எறிஞ்சா?

அடுத்து பதிவு பண்ண வேண்டிய ஃபைல்களோட பட்டியல்தான் இன்டெக்ஸ். கிட் அந்த ஃபைல்ல நேரா கை வைக்காது. இன்டெக்ஸ்.லாக்னு ஒண்ணை உருவாக்கி (ஏற்கெனவே இருந்தா அங்கயே ஃபெயில்), அதுல முழுசா எழுதி, கடைசியில இன்டெக்ஸ்னு ரீநேம் பண்ணும். நடுவுல நீங்க டெலீட் பண்ணா முதல் ப்ராசஸ் நிக்காது. ரெண்டாவது ப்ராசஸ் வந்து அதே பேர்ல புது லாக் போடும். முதல்லது ரீநேம் பண்றது பேரை வச்சு. அதனால இன்டெக்ஸா மாறுறது ரெண்டாவது பாதி எழுதின ஃபைல்! அப்புறம் ‘பேட் இன்டெக்ஸ் ஃபைல்’னு எரர் வந்தா கிட்டைத் திட்டுவாங்க.

அடுத்த கோஷ்டி, அஞ்சு செகண்ட் ஸ்லீப் போட்டு ரீட்ரை. பிரயோஜனமே இல்ல. ஃபைலைப் பட்டியல்ல சேர்க்கிற ‘ஆட்’ (add) கமாண்டுக்கும் அதைப் பதிவு பண்ற ‘கமிட்’ (commit) கமாண்டுக்கும் நடுவுல லாக் கிடையாது. அந்த இடைவெளியில இன்னொரு ஸ்கிரிப்ட் ஆட் பண்ண ஃபைலும் உங்க கமிட்லயே போய் உக்காரும். லாக் போட வேண்டியது ஆட்ல இருந்து கமிட் வரைக்கும் முழு வரிசைக்கும்.

லினக்ஸ்ல அதுக்குத்தான் ஃப்ளாக் (flock) கமாண்ட் இருக்கு, ஒரு நேரத்துல ஒருத்தரை மட்டும் உள்ள விடும். ஸ்கிரிப்ட் தொடக்கத்துல ஒரு தனி லாக் ஃபைலை டிஸ்க்ரிப்டர் 9ல (திறந்த ஃபைலுக்கு வைக்கிற நம்பர்) திறங்க, 60 செகண்ட் டைம்அவுட்டோட ஃப்ளாக் போடுங்க, கிடைக்கலன்னா வெளியேறுங்க. ஃபெட்ச், ஆட், கமிட், புஷ் எல்லாம் அதுக்குள்ள. ப்ராசஸ் செத்தா கெர்னலே லாக்கை விடுவிச்சிடும், ‘கில் -9’னு வலுக்கட்டாயமா நிறுத்தினாலும் சரி. வேலை முடிஞ்சதும் அந்த ஃபைலை மட்டும் அழிச்சிடாதீங்க. காத்திருக்கிறவன் பழைய ஃபைல்ல லாக் வாங்குவான், புதுசா வர்றவன் வேற ஃபைல்ல வாங்குவான், ரெண்டு பேரும் உள்ள. எல்லா ஸ்கிரிப்டும் ஒரே பாத்தைக் கேட்கணும். கேட்காதவனை ஃப்ளாக் தடுக்காது.

இதுலயும் ஒரு சிக்கல். கமிட்டுக்கு அப்புறம் தேவைப்பட்டா கிட் தானா ஜிசியை (gc, குப்பை சுத்தம் பண்ற வேலை) பின்னணியில ஓட்டும்; அது டிஸ்க்ரிப்டர் 9ஐயும் சுமந்துட்டுப் போகும். ஸ்கிரிப்ட் முடிஞ்சும் லாக் விடாது. கிட் கமாண்டைக் கூப்பிடுறப்பவே 9ஐ மூடிக் கொடுங்க.

எடிட்டர், டாஷ்போர்டு எல்லாம் என்ன மாறியிருக்குன்னு சும்மா கிட் ஸ்டேட்டஸ் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனா ஸ்டேட்டஸும் இன்டெக்ஸைப் புதுப்பிக்க லாக் எடுக்கும். அதைத் தவிர்க்க ‘நோ ஆப்ஷனல் லாக்ஸ்’ (--no-optional-locks) ஆப்ஷன் கிட் 2.15லயே வந்தாச்சு. யார் போடுறா?

நிஜமாவே போட்டவர் செத்துப் போன அனாதை லாக்னு தோணினா, பிஎஸ் (ps) கமாண்ட்ல கிட் ப்ராசஸ் ஓடுதான்னு பாருங்க. யார் ஃபைலைத் திறந்திருக்காங்கன்னு காட்டுற எல்எஸ்ஓஎஃப் (lsof) மட்டும் பத்தாது. ‘கமிட் -a’ அடிச்சு எடிட்டரைத் திறந்து வச்சுட்டு டீக்குப் போன புண்ணியவான் இருந்தா, லாக் இருக்கும், ஃபைலைத் திறந்தபடி யாரும் இருக்க மாட்டாங்க.

அப்புறம் குறிச்ச நேரத்துல ஸ்கிரிப்டைத் தானா ஓட்டுற க்ரான் (cron) எல்லாத்தையும் நடுராத்திரி 12க்கே வைக்கிறதை விடுங்க. யூடிசி சர்வர்ல அது நமக்கு விடியக்காலை 5.30. அந்த நேரத்துக்கு வர்ற போனை யாரு எடுக்கிறது?