மந்தக் காலத்தில் யாரை நம்பிக் கட்டுவது?

பொருளாதார மந்தம் தீரும்வரை இங்கிலாந்தின் சிறிய சந்தை நகரங்கள் மலிவு வீடுகளுக்காக, அதாவது சந்தை நிலவரத்தைவிடக் குறைந்த விலைக்கோ வாடகைக்கோ கிடைக்கும் வீடுகளுக்காக, பொறுத்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருந்தார். அவருடைய முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. 1990ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, தனியார் நிறுவனங்கள் விற்பனைக்குக் கட்டும் வீடுகளில் ஒரு பங்கை மலிவு வீடுகளாக ஒதுக்கும்படி உள்ளாட்சி மன்றம் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியும். ஆனால் 2008இல் விற்பனை படுத்தபோது அந்தப் பங்கும் கூடவே படுத்துவிட்டது. நான் அப்போது குடியிருந்த ஊரில், அடித்தளத்தோடு நின்றுபோன மனைகளில் துருப்பிடித்த கம்பிகளுக்கு நடுவே இரண்டு கோடைகள் புல் மண்டிக் கிடந்தது. வாரச் சந்தையில் காய்கறிக் கடை போட்டிருந்த இளம் தம்பதியர், வாடகை கட்டுப்படியாகாமல் கைக்குழந்தையுடன் வேறு ஊருக்குப் போனார்கள்.

வீட்டு விலை இறங்கியது உண்மைதான். ஆனால் வங்கிகள் கேட்ட முன்பணம் ஏறிவிட்டதால் அவர்களைப் போன்றோருக்கு அதனால் பயனில்லை. கொத்தனாரும் தச்சரும் வேலையின்றி இருக்கும் அந்த நேரத்தில்தான் வீட்டுவசதிச் சங்கங்களுக்கு, அதாவது லாப நோக்கமின்றிக் குறைந்த வாடகைக்கு வீடு தரும் அமைப்புகளுக்கு, அரசு நேரடியாக மானியம் தந்து கட்டச் சொல்ல வேண்டும். அதைப் போதிய அளவு செய்யாமல், மலிவு வீட்டுப் பங்கைக் குறைக்கக் கோரும் வாய்ப்பை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டுமான நிறுவனங்களுக்குக் கொடுத்தது பெரும் தவறு என்றே கருதுகிறேன்.