மாத்திரை வீடு தேடி வந்தது. கேட்பதற்கு ஆள் வரவில்லை

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் எச்.ஐ.வி. சிகிச்சை தாக்குப்பிடித்தது என்று சொல்பவர்கள் எல்லோரும் மாத்திரைக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சை ஆறு மாதம் தடைபட்டால் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பும் 2020 மே மாதம் எச்சரித்தன. அதே ஆண்டு ஜூலையில், மருந்து இருப்பு தீர்ந்துபோகும் அபாயம் இருப்பதாக 73 நாடுகள் தெரிவித்திருந்தன. அஞ்சிய அளவுக்குப் பேரழிவு நேரவில்லை. மூன்று மாதம், ஆறு மாதத்துக்கான மருந்தை ஒரே தடவையில் கொடுத்ததும், தன்னார்வலர்கள் அதை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஆனால் முன்பு மருந்து வாங்கச் சிகிச்சை மையத்துக்கு வந்துபோகும் நாளில் மாத்திரையோடு சேர்ந்து இன்னொன்றும் கிடைத்துக்கொண்டிருந்தது. அது நின்றுபோனதை எந்தப் பதிவேடும் குறித்துக்கொள்ளவில்லை.

தன் நோயைப் பற்றி வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒருவருக்கு, எதையும் மறைக்காமல் உட்காரக்கூடிய ஒரே இடம் பெரும்பாலும் அந்தச் சிகிச்சை மையம்தான். பெயர் சொல்லி விசாரிக்கும் செவிலியர், அதே மருந்தைப் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டுத் தெம்பாக நடமாடும் பக்கத்து இருக்கைக்காரர், போன தடவை அழுததை நினைவில் வைத்திருந்து கேட்கும் ஆலோசகர் ஆகியோர் எந்த மருந்துச் சீட்டிலும் இடம்பெறுவதில்லை. ஊரடங்கு வந்ததும் முதலில் அறுந்தது இந்த உறவுதான். கொரோனா பணிக்கு ஆள் தேவைப்பட்டபோது பல இடங்களில் ஆலோசகர்களும் அங்கே அனுப்பப்பட்டார்கள்.

வீட்டுக்குள் நிலைமை வேறு விதமாக இறுகியது. எல்லோரும் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும்போது ஆறு மாத மருந்தை எங்கே ஒளித்துவைப்பது? டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துவிடலாம், மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளலாம், எடுக்கும்போது குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்க உள்ளே பஞ்சை அடைத்துவைக்கலாம். இவையெல்லாம் மருந்து சாப்பிடுகிறவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருபவைதான். வேலைக்குப் போய் வந்த நாட்களில் பையிலோ அலுவலக இழுப்பறையிலோ கிடந்த ரகசியம், ஊரடங்கில் நான்கு சுவர்களுக்குள் வந்து சேர்ந்தது. தொலைபேசி வழி ஆலோசனை இருந்ததே என்று கேட்கலாம். தந்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஓர் இளைஞன் அந்த அழைப்பில் என்ன பேசிவிட முடியும்? “ம்”, “சரி”, “பரவாயில்லை” என்பதற்கு மேல் அவன் வாயிலிருந்து எதுவும் வராது. மறுமுனையில் ‘நலமாக உள்ளார்’ என்று எழுதிக்கொள்வார்கள். (ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேள்விகளை அமைத்துக்கொள்வது, பேசத் தோதான நேரத்தை முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வது போன்ற எளிய ஏற்பாடுகளுக்குச் செலவே இல்லை.)

மனநலத்தைச் சிகிச்சைக்கு மேலே வைக்கும் அலங்காரமாகப் பார்ப்பவர்களுக்கு மருத்துவக் காரணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு வந்தால் முதலில் தளர்வது அன்றாட ஒழுங்கு. அதோடு மாத்திரையும் தவறுகிறது. மருந்தை நிறுத்திய சில வாரங்களுக்குள்ளேயே பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் வைரஸ் மீண்டும் பெருகிவிடும். விட்டு விட்டுச் சாப்பிடும்போது மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் உருவாகவும் வாய்ப்பு உண்டு. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது என்ற பெரும் ஆறுதலும் மாத்திரை தவறாமல் இருப்பதைத்தான் சார்ந்திருக்கிறது. போதாததற்கு, சில மருந்துகளே மனதைத் தொடுபவை. எஃபாவிரன்ஸ் சிலருக்குக் கெட்ட கனவையும் மனச்சோர்வையும் தரும். 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் முதன்மையாகப் பரிந்துரைக்கும் டோலுடெகிராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். ஒருவருக்குத் தூக்கம் வராமல் போவது மருந்தாலா, பயத்தாலா, இரண்டாலுமா என்பதை எதிரே உட்கார்ந்து கேட்டால்தான் பிரித்தறிய முடியும்.

கொரோனா பற்றிய அந்தப் பயத்துக்கும் நியாயமான காரணங்கள் இருந்தன. ‘நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்’ என்ற ஒரே சொற்றொடரில், சிகிச்சை தொடங்காதவரையும் பல ஆண்டுகளாக மருந்தெடுத்து நல்ல நிலையில் இருப்பவரையும் அறிவிப்புகள் ஒன்றாகச் சேர்த்துவிட்டன. எய்ட்ஸ் உயிர்களைப் பறித்த 1980களையும் 90களையும் கடந்து உயிரோடு இருப்பவர்களுக்கு வலி இன்னும் ஆழமானது. தென்னாப்பிரிக்காவில் நடந்த பெரிய எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வு பலன் தரவில்லை என்று 2020 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு முடிவதற்குள் கொரோனாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. இரண்டு வைரஸ்களின் இயல்பும் வேறு என்பது அறிவுக்கு எட்டும். ஆனாலும் கசப்பு இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் இடம் இல்லை. கணக்கெடுப்புக்கு உட்பட்ட நாடுகளில் 93 விழுக்காட்டில் மனநலச் சேவைகள் தடைபட்டோ நின்றோ போயிருந்ததாக 2020 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆறு மாத மருந்து தொடரட்டும். மாதந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கும்படி யாரையும் கேட்கக் கூடாது. அதே வேளையில், வர விரும்புபவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். வைரஸ் அளவைச் சோதிக்கும் நாளில், கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா, மனம் துவண்டிருந்ததா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடலாம். கேட்ட பிறகு, உதவி தேவைப்படுபவரை அனுப்பிவைக்க ஓர் இடம் இல்லையென்றால் அதுவும் இன்னொரு பதிவேடாகவே முடியும். மனநல மருத்துவர்களுக்கு எங்கே போவது என்பார்கள். ஜிம்பாப்வேயில் 2006இல் தொடங்கிய ‘நட்பு இருக்கை’ திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்தின் வெளியே ஓர் இருக்கையில் அமர்ந்து மக்களின் குறைகளைக் கேட்கிறார்கள். அவர்களிடம் பேசியவர்களின் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படிப் பேசியவர்களில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களும் இருந்தார்கள்.

அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஊரடங்கில் மருந்துப் பொட்டலத்தைச் சுமந்துபோனவர்களில் பலர் தாங்களே எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள். வாசலில் நின்று பிறர் துயரத்தையும் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு ஊதியமும் இல்லை, பயிற்சியும் இல்லை. அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவும் யாரும் இருக்கவில்லை. அடுத்த பெருந்தொற்றுக்கான திட்டத்தில் மருந்துக் கையிருப்புக்கு ஒதுக்கும் அதே பக்கத்தில் இவர்களுடைய சம்பளத்தையும் எழுதிவைக்க வேண்டும். ஆலோசகரை வேறு பணிக்கு மாற்றக் கூடாது என்பதையும் அங்கேயே சேர்க்க வேண்டும்.