பழைய சீட்டு போதாது, ஐயா

'வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 110 இருந்தால் பழைய மருந்துச் சீட்டிலேயே ஓட்டலாம், டோஸைக் கூட்டுவது ஆஸ்பத்திரி வியாபாரம்' என்கிறார் மேலே கருத்து எழுதிய ஓர் ஐயா. தவறு. அந்த 110 காலை நேரத்துக் கணக்கு மட்டும். ஆம்பூர் பிரியாணிக்குப் பிறகு 260 வரை ஏறுவதை அது காட்டாது. இரண்டு, மூன்று மாதச் சராசரி தெரிய ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். பெரும்பாலோருக்கு இலக்கு 7 சதவீதத்துக்குக் கீழ். எட்டாவிட்டால் தாமதிக்காமல் சிகிச்சையை மாற்றிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தள்ளினால் கண்ணும் சிறுநீரகமும்தான் விலை கொடுக்கும். இரண்டாம் வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் சுரப்பு காலப்போக்கில் குறைந்துகொண்டே போகும், மருந்து கூடுவது அதனால்தான். குடியாத்தத்தில் மடிப்பு கிழிந்த சீட்டை நீட்டி மாத்திரை அட்டை வாங்குகிறவர்கள் ஏராளம். கடைக்காரரும் தேதியைப் பார்ப்பதில்லை. முதியவர்களுக்குச் சர்க்கரை தாழும் அபாயம் இருந்தால் மருத்துவர்கள் டோஸைக் குறைக்கவும் செய்கிறார்கள். அது எந்த வியாபாரம்?