திம்பத்தில் இரவு கேட் மூடியே இருக்கட்டும்

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர்ப் பக்கம் காட்டு வழியே ஏறுகிறது திம்பம் மலைப்பாதை. காட்டு விலங்குகளுக்காக இரவில் மூடுகிற இதை இரவிலும் திறந்துவிடச் சொல்லி மறுபடியும் ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் சத்தியமங்கலம் பக்கத்து ஆட்களே நிறையப் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்தது மலைக்கு மேலே தாளவாடியில். மாதம் இரண்டு மூன்று தடவையாவது அந்த 27 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்குகிறவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், மலை அடிவாரத்தில் பண்ணாரிச் சோதனைச்சாவடியில் இருக்கிற கேட் இரவில் மூடித்தான் இருக்க வேண்டும்.

தடை வருவதற்கு முன்னால் ஒரு ராத்திரி, பதினொரு மணி இருக்கும். ஆசனூருக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் ஒரு பெட்டைப் புள்ளிமான் கிடந்தது. அடித்த வண்டி நிற்கவே இல்லை. பின்னங்கால் இரண்டும் செத்துப்போயிருந்தன. முன்னங்காலை மட்டும் ஊன்றி ஊன்றி ஓரத்துக்கு நகரப் பார்த்தது. எனக்குப் பின்னால் லாரிகள் ஹாரனை விடாமல் அடித்தன. இன்னொரு வண்டிக்காரர் இறங்கி வந்தார், இரண்டு பேருமாக ஓரத்துக்குத் தூக்கி வைத்தோம். உடம்பு அவ்வளவு சூடாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

இத்தனைக்கும் அது சட்டத்தின் பாதுகாப்பில் இருந்த மான். 1972 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2008இல் சத்தியமங்கலம் காடு சரணாலயம் ஆனது, 2013இல் புலிகள் காப்பகம். சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் முதுமலை, பந்திப்பூர், இன்னொரு பக்கம் பிலிகிரிரங்கன் மலை என்று எல்லாக் காட்டையும் கோக்கிற இடம். அதன் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் இந்தத் தேசிய நெடுஞ்சாலை போகிறது. பந்திப்பூரில் 2009இலேயே இரவுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். இங்கே 2019இல் மாவட்ட ஆட்சியர் தடை உத்தரவு போட்டும் மூன்று வருடம் அது காகிதமாகவே கிடந்தது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் கேட் இறங்கியது.

அப்போது தாளவாடியில் கடையடைப்பு நடந்தது, அக்கா வீட்டிலும் கோபம்தான். முட்டைக்கோசும் தக்காளியும் காலைச் சந்தைக்கு இறங்கியாக வேண்டுமே! அது நியாயமான கவலை. அதனால்தான் உள்ளூர்க்காரர்களுக்கு நீதிமன்றம் சலுகை கொடுத்தது. ஆம்புலன்ஸுக்கும் தடை இல்லை. மைசூருக்குப் போகிற மற்றவர்கள் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பட்டும், அல்லது விடியட்டும்.

காட்டுச் சட்டம் என்றாலே எங்கள் மலை மக்கள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. வீரப்பன் தேடுதல் நடந்த வருடங்களில் சோளகர், ஊராளிப் பழங்குடி மக்கள் பட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2006 வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்குச் சேர வேண்டியது சேரத்தான் வேண்டும். விறகு பொறுக்குகிற கிழவியை மிரட்டுவதற்கா சட்டம்? காட்டைக் குறுக்கு வழியாக மட்டும் பார்க்கிற வண்டிகளைத்தான் அது நிறுத்த வேண்டும். இந்த இரவுத் தடை அதைச் செய்கிறது, அதனால்தான் இதற்காக இவ்வளவு வாதாடுகிறேன்.

காட்டைக் காத்தால் பலன் தெரியும். 2010இல் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் புலிகள் பெருகியதற்காக 2022இல் இந்தக் காப்பகத்துக்குச் சர்வதேச விருதே கிடைத்தது. இரவுத் தடை அந்த வருடம்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால் பெருமை வேறு வேலைகளுக்குரியது. ஆனால் பெருகிய புலி ரோட்டைக் கடந்தாக வேண்டுமே.

பகலில் இன்னொரு தொல்லை இருக்கிறது, கரும்பு லாரி. காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் யானைகள் லாரிக்காகவே காத்து நிற்கின்றன. சில டிரைவர்கள் பாவம் என்று இரண்டு கழியை எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். போன தடவை ஒரு தாயும் குட்டியும் நின்றன. தாய் லாரியை மறித்து மேலிருந்து கரும்பை உருவியது, குட்டி அதன் காலுக்கடியில் நின்று ரோட்டில் விழுந்ததைப் பொறுக்கித் தின்றது. காட்டில் எங்கே என்ன புல் இருக்கிறது என்று கற்றுக்கொள்ள வேண்டிய வயது அதற்கு. டிரைவர் அண்ணன்மாரே, லோடைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஒரு கழிகூடப் போடாதீர்கள்.