எலிசா தெரியும், நம்பிக்கை மையம் தெரியாது

பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளிடம் எய்ட்ஸ் பற்றிக் கேட்டேன். எலிசா, வெஸ்டர்ன் பிளாட் என்று ரத்தப் பரிசோதனைகளின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "அந்தப் பரிசோதனையை எங்கே செய்வார்கள்?" என்றேன். விழித்தாள். காய்ச்சல் வந்தால் அவளை அழைத்துப் போகும் அரசு மருத்துவமனையிலேயே, எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸுக்குப் பரிசோதனை செய்யும் 'நம்பிக்கை மையம்' என்ற பலகை தொங்குகிறது. அதைத் தாண்டித்தான் ஊசி போடும் அறைக்கே போக வேண்டும்.

எங்கள் காலத்தில் ஒப்பிப்பதுகூடக் கிடையாது. "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். மிச்சத்தைச் சுவர்கள் சொல்லிக்கொடுத்தன: மண்டை ஓடு, 'உயிர்க்கொல்லி' என்ற கொட்டை எழுத்து. பிறகு வந்தது, "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" டீக்கடையில் ஆணுறை பற்றிப் பேச வைத்த விளம்பரம் அது, அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் எங்கள் வகுப்பில் ஒல்லியாக இருந்த ஒருவனுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பாவம், அவனுக்கு வந்தது மஞ்சள் காமாலை.

பயமுறுத்தினால் பிள்ளைகள் விலகி இருப்பார்கள் என்ற கணக்கே தப்பு. பயந்தவன் பரிசோதனைக்குப் போக மாட்டான்.

நான் பார்த்ததில் உருப்படியான வகுப்பு ஒரு கல்லூரியின் செஞ்சுருள் சங்கத்தில், அதாவது மாணவர்களின் எய்ட்ஸ் விழிப்புணர்வு அமைப்பில் நடந்தது. அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து, பெயர் எழுதாமல் கேள்வி போடச் சொன்னார்கள். கொசு கடித்தால் வருமா, முடிதிருத்தும் பிளேடில் வருமா என்று வழக்கமான சீட்டுகள். நடுவில் ஒன்று: "அப்பா மாத்திரை சாப்பிடுகிறார். அவர் தட்டில் நான் சாப்பிடலாமா?" அரங்கம் அமைதியாகிவிட்டது. பதில் சொன்னவர் தொற்றுடன் வாழும் ஓர் அம்மா. "தாராளமாகச் சாப்பிடு கண்ணு, என் மகளும் நானும் ஒரே தட்டுதான்" என்றார். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தைத் தொடர்ந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகவும் அது மற்றவருக்குப் பரவாது என்பதையும் அவரே சொன்னார். நூறு சுவரொட்டிகள் செய்யாததை அந்த ஐந்து நிமிடம் செய்தது.

பள்ளியில் இதைப் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம். 2007-இல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள், உடல் மாற்றங்களையும் எச்.ஐ.வி.யையும் பள்ளியில் சொல்லித்தரும் வளரிளம் பருவக் கல்வியை நிறுத்தியது இந்த மாதிரிப் பேச்சால்தான். பேசாவிட்டால் செல்போன் பேசும், வேறென்ன?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-இல். நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, சேகரித்த ரத்த மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, பரிசோதிப்பதற்காக வேலூருக்கு ரயிலில் கொண்டுபோனார். பாடத்தை இந்தக் கதையிலிருந்து தொடங்கினால் எந்தப் பிள்ளை கொட்டாவி விடும்?

போன வாரம் மருத்துவமனைக்குப் போனபோது அக்கா மகளுக்கு அந்தப் பலகையைக் காட்டினேன். பரிசோதனை இலவசம், முடிவை வெளியே சொல்லக் கூடாதென்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது என்றேன். நின்று படித்துவிட்டுக் கேட்டாள்: "இது தேர்வில் வருமா மாமா?"