அது சட்டம் இல்லை அண்ணே, வழிகாட்டிதான்

"ஆசியான் நாடுகள் சேர்ந்து ஏஐ சட்டம் போட்டாச்சு, மீறினால் கோடிக்கணக்கில் அபராதம், இனிமேல் கடன் ஆப்புகள் ஒழுங்காகிவிடும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டு வேறு செய்திகள் கலந்துவிட்டன.

ஆசியான் என்பது தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு. அதன் டிஜிட்டல் அமைச்சர்கள் 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில் வெளியிட்டது ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒரு வழிகாட்டி. வெளிப்படைத்தன்மை, பாரபட்சமின்மை, எந்த முடிவில் மனிதர் எவ்வளவு தலையிட வேண்டும் என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், ஆனால் கம்பெனிகள் விருப்பப்பட்டால் பின்பற்றலாம், அவ்வளவுதான், அந்த வழிகாட்டியை மீறினால் அபராதம் கிடையாது. நீங்கள் சொல்லும் அபராதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தில் இருப்பது. அந்தச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. தடைசெய்த பயன்பாடுகளுக்கு 3.5 கோடி யூரோ வரை, கம்பெனியாக இருந்தால் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம் வரை, இதில் எது அதிகமோ அது.

அப்புறம், இந்தியா ஆசியானில் உறுப்பினரே இல்லை. தண்டையார்பேட்டையில் என் மச்சான் மீன் வண்டிக்கு ஒரு ஆப்பில் கடன் கேட்டார். போட்டோ, பான் கார்டு எல்லாம் ஏற்றி இரண்டே நிமிடத்தில் "தகுதி இல்லை" என்று வந்தது. ஏன் என்று கேட்க ஒரு போன் நம்பர்கூட இல்லை. சிங்கப்பூரில் வெளியிட்ட காகிதத்தைக் காட்டி அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

நம் தமிழ்நாடு அரசே 2020-இல் பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை வெளியிட்டது, அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. ஆனால் அதுவும் கொள்கைதான், சட்டம் இல்லை. அரசு பயன்படுத்தும் ஏஐ-யை மக்களிடம் விடுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது என்பதுதான் அதில் முக்கியம், தனியார் ஆப் இல்லை.