வின்னிபெக்கில் குளிரைப் பற்றிப் பேசியது போதும்

போன ஜனவரியில் என் தங்கை மகன் இங்கே, கனடாவின் வின்னிபெக்குக்கு, படிக்க வந்து சேர்ந்தான். வெளியே மைனஸ் 31. வீட்டுக்குள் நுழைந்தவன் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், "மாமா, கெட்டில் எங்க இருக்கு? தண்ணி காய்ச்சணும்" என்றான்.

"அதெல்லாம் வேண்டாம்டா, குழாயைத் திறந்து அப்படியே குடி. ஏரித் தண்ணி, நேரா வருது" என்று என்னமோ நானே வெட்டிய ஏரி மாதிரி சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அதே ஏரியின் கரையில் ஷோல் லேக் 40 என்று ஒரு பூர்வகுடி ஊர் இருக்கிறது. 1997இலிருந்து 2021 வரை, ஏறத்தாழ 24 வருடம், அந்த ஊர்க்காரர்களால் தங்கள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க முடியவில்லை. கேன் தண்ணீரில் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

நான் வின்னிபெக் வந்து 13 குளிர்காலம் முடிந்துவிட்டது. வந்த புதிதில் நம் ஆட்கள் என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள். ராத்திரி காரை, எஞ்சின் உறையாமல் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரில் சொருகிவிட்டுத் தூங்கு. பனி அள்ளும் இரவில் தெருவில் நிறுத்தாதே, இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாய்ப்புக் கிடைத்தால் டொராண்டோவுக்குப் போய்விடு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. நானும் பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னதில்லை. குளிரைப் பற்றிப் பேசினால் யார் மனமும் நோகாது, அதில் யாருடைய தப்பும் கிடையாது. அதனால்தான் இந்த ஊரில் எல்லோரும் குளிரையே பேசுகிறோம் என்பது என் கணக்கு.

ஊரின் பெயரே தண்ணீர்தான். பூர்வகுடிகளின் கிரீ மொழியில் கலங்கல் தண்ணீர் என்று பொருள். செந்நிறக் களிமண்ணைக் கரைத்துக்கொண்டு வடக்கு நோக்கி ஓடும் ரெட் ஆறும், மேற்கிலிருந்து வரும் அசினிபோயின் ஆறும் சேரும் இடம் 'ஃபோர்க்ஸ்'. அங்கே மனிதர்கள் கூடத் தொடங்கி 6,000 வருடம் ஆகிறது என்கிறார்கள் தொல்லியல்காரர்கள். இன்றைக்கு அங்கே சந்தை, சாப்பாட்டுக் கடைகள், குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் சறுக்குப் பாதை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் செயின்ட் போனிஃபாஸ் தேவாலயத்து முற்றத்தில் லூயி ரியல் அடங்கியிருக்கிறார். 1869-70இல், பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மெட்டீஸ் மக்களைத் திரட்டி, மானிடோபா ஒரு மாகாணமாகவே பிறக்கக் காரணமாக இருந்தவர். 1885இல் அவரைத் தூக்கில் போட்டார்கள். இப்போது பிப்ரவரியில் அவர் பெயரில் ஒரு நாள் அரசு விடுமுறை. நாமெல்லாம் அன்றைக்கு மாலுக்குப் போகிறோம்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

ரயில் வந்த பிறகு இந்த ஊர் ஊதிப் பெருத்தது. மேற்கில் விளைந்த கோதுமை முழுக்க இங்கேதான் விலை பேசப்பட்டது. 1911இல் கனடாவின் மூன்றாவது பெரிய நகரம். ஆனால் ரயில் பாதைக்கு வடக்கே, நார்த் எண்டில், உக்ரைனியரும் யூதரும் போலந்துக்காரரும் நெருக்கியடித்து வாழ்ந்த வீடுகளில் பலவற்றுக்குக் குழாய் இணைப்பே கிடையாது. டைபாய்டு அடிக்கடி வந்தது, அங்கேதான் அதிகம் சாகடித்தது. நல்ல தண்ணீர் தேடிய நகரம், மானிடோபா எல்லையைத் தாண்டி ஒன்டாரியோ வரை பரவிக் கிடக்கும் ஷோல் ஏரியைத் தேர்ந்தெடுத்தது. அங்கிருந்து 155 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் குழாய். சரிவை நம்பியே தண்ணீர் ஓடி வருகிறது. சதுப்பிலும் காட்டிலும் கட்டி 1919இல் முடித்தார்கள். நூறு வருடம் தாண்டியும் நகரத்தின் குடிநீர் முழுக்க அதே வழியில்தான் வருகிறது. எஞ்சினியரிங் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கும்பிட வேண்டிய வேலை.

அந்தக் கும்பிடோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் ரொம்ப நாள் இருந்தேன். ஏரியில் நீர் எடுக்கும் இடம் பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டு நிலத்தில் இருந்தது. ஒன்றிய அரசு மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்துக் கொடுத்தது. பக்கத்தில் ஃபால்கன் ஆறு பழுப்பு நிறத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. நகரத்துக்குத் தெளிந்த நீர் வேண்டுமே? அணை போட்டு, கால்வாய் வெட்டி, பழுப்புத் தண்ணீரை ஊர்க்காரர்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்தக் கால்வாய் நிலத்தைத் துண்டித்ததில் ஊர் தீவாகிவிட்டது. கோடையில் படகு, குளிரில் பனிப்பாதை. பனி உருகியும் உருகாமலும் இருக்கும் வாரங்களில் மளிகைக்கும் மருத்துவத்துக்கும் நடந்தே கடக்கப்போய் உள்ளே விழுந்து செத்தவர்கள் உண்டு.

இதில் என்னை மிகவும் அரித்த விஷயம் வேறு. சுத்திகரிப்பு நிலையம் கேட்டபோது, சாலை இல்லாத ஊரில் கட்டினால் செலவு கட்டுப்படியாகாது என்று தள்ளிப்போட்டார்கள். சாலை ஏன் இல்லை? நகரத்துக்காக வெட்டிய கால்வாயால்.

2014இல் ஃபோர்க்ஸில் மனித உரிமை அருங்காட்சியகம் பெரிய விழாவோடு திறந்தது. உள்ளே அழகான தடாகங்கள். அதிலும் ஷோல் ஏரித் தண்ணீர்தான். அந்த ஊர்க்காரர்கள் கோபத்தை வேறு விதமாகக் காட்டினார்கள். எங்கள் ஊரே கனடாவின் மனித உரிமை மீறல் அருங்காட்சியகம், வந்து பாருங்கள் என்று பலகை வைத்து அழைத்தார்கள். கடைசியில் ஒன்றிய அரசும் மாகாணமும் நகரமும் செலவைப் பகிர்ந்து போட்ட சாலை 2019இல் திறந்தது. அதன் பெயர் 'ஃப்ரீடம் ரோடு'. சாலை வந்து இரண்டு வருடத்தில் சுத்திகரிப்பு நிலையமும் வந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இரண்டு வருட வேலை.

குழாய் கட்டி முடித்த அதே 1919இல்தான் இந்த ஊரின் பொது வேலைநிறுத்தமும். மே 15 காலை ஏழு மணிக்கு முதலில் எழுந்து வெளியே போனவர்கள் டெலிபோன் ஆபரேட்டர் பெண்கள். அன்றைக்கே ஊர் நின்றுவிட்டது. ஏறத்தாழ 30,000 பேர், அதில் தொழிற்சங்கத்தில் இல்லாதவர்களே ஆயிரக்கணக்கில். போருக்குப் பின் விலைவாசி ஏறிக்கிடந்தது, உலோகத் தொழிலிலும் கட்டட வேலையிலும் முதலாளிகள் கூட்டுப் பேரத்துக்கே உட்கார மறுத்தார்கள். ரொட்டியும் பாலும் வேலைநிறுத்தக் குழுவின் அனுமதி என்று அட்டை மாட்டிய வண்டிகளில் போயின. தண்ணீரையும் நிறுத்தவில்லை. தரைத்தளத்துக்கு ஏறும் அளவு மட்டும் அழுத்தம் வைத்தார்கள். தொழிலாளி வீட்டுச் சமையலறையில் தண்ணீர் வரும், பணக்காரர் வீட்டு மாடிக் குளியலறையில் வராது. இதைப் படித்தபோது சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

அரசாங்கம் என்ன சொன்னது தெரியுமா? எல்லாம் வந்தேறிகளின் சதி என்றது. வெளிநாட்டில் பிறந்தவர்களை நாடு கடத்த வசதியாக அவசர அவசரமாகச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜூன் 21, சனிக்கிழமை, மெயின் தெருவில் கூட்டத்தின் மேல் குதிரைப் போலீஸ் சுட்டது, இரண்டு பேர் இறந்தார்கள். அன்றைக்குக் கூட்டம் ஆட்டிச் சாய்த்த டிராம் வண்டியின் நினைவாக, இன்று அதே தெருவில் சாய்ந்த டிராம் வண்டி ஒன்று இரும்பில் நிற்கிறது. அது ஏன் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமலே அதன் முன் செல்ஃபி எடுத்து அனுப்பிய நண்பர்கள் எனக்கு உண்டு. வந்தேறி என்ற பேச்சு திரும்பக் காதில் விழும் இந்தக் காலத்தில் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தெரு அது.

"இந்த ஊர்ல கல்ச்சரே இல்ல" என்பார்கள் நம் வீட்டு விருந்துகளில். 'சோஷியல்' என்ற ஒன்றுக்கு இவர்கள் போனதே இல்லை போல. கல்யாணம் ஆகப்போகும் ஜோடிக்காக ஊர்ச் சமுதாயக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, டிக்கெட் விற்று, ஆட்டம் போட்டு, நடு இரவில் ரை ரொட்டியும் சீஸும் இறைச்சித் துண்டும் ஊறுகாயும் பரிமாறி, வசூலான பணத்தைக் கல்யாணச் செலவுக்குக் கொடுப்பார்கள். முன்பின் தெரியாதவர்களும் டிக்கெட் வாங்குவார்கள். மொய் என்று நாம் சொல்வது வேறென்ன? நோட்டுப் போட்டு எழுதிவைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளத்தின் கதையும் இதே மாதிரிதான் போகிறது. 1950இல் ரெட் ஆறு பெருகி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அதன் பிறகு டஃப் ராப்ளின் என்ற மாகாண முதல்வர், நகரத்தைச் சுற்றி 47 கிலோமீட்டருக்கு வெள்ளக் கால்வாய் வெட்ட வேண்டும் என்று நின்றார். 'டஃப்பின் சாக்கடை' என்று கேலி செய்தார்கள். 1968இல் 6.3 கோடி டாலரில் முடிந்தது. 1997 வெள்ளத்தில் அமெரிக்க எல்லைக்குத் தெற்கே கிராண்ட் ஃபோர்க்ஸ் மூழ்கியது, நகரத்துக்குச் சற்றுத் தெற்கே செயின்ட் அகத் மூழ்கியது, வின்னிபெக் தப்பித்தது. கேலிப் பெயர் செல்லப் பெயராகிவிட்டது. நியாயம்தான். ஆனால் 2011இல் அசினிபோயின் பெருகியபோது அந்தத் தண்ணீரை வடக்கே ஏரிகளுக்குத் திருப்பியதில் லேக் செயின்ட் மார்ட்டின் பூர்வகுடி ஊர் மூழ்கியது. அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் நம் ஊர் ஓட்டல் அறைகளில் அகதிகளாக இருந்தார்கள். யாரைக் காப்பாற்ற மூழ்கினார்களோ அவர்கள் மத்தியிலேயே. டஃப்பின் சாக்கடையைப் பெருமையோடு சொல்லும் யாரும் இதைச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

வருகிற தண்ணீர் இப்படி. போகிற தண்ணீர்? 2024 பிப்ரவரியில் சாக்கடைக் குழாய் உடைந்து 20 கோடி லிட்டருக்கு மேல் கழிவு நேராக ரெட் ஆற்றில் போனது. ஆறு வடக்கே ஓடுகிறது, கழிவும் வடக்கே. வழியிலும் வின்னிபெக் ஏரிக் கரையிலும் யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நகரம் ஒரு காலத்தில் 14 வருடம் சொத்துவரியை ஏற்றாமல் ஓட்டியது. நாம் எல்லோரும் வரி ஏற்றாதவனே நல்ல மேயர் என்கிறோம். பூமிக்கு அடியில் இருக்கும் குழாய்க்கு அது கேட்காதா என்ன?

போர்ட்டேஜ்-மெயின் சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் நடு மையம். 1979இலிருந்து நடந்து கடக்கக் கூடாது என்று கான்கிரீட் சுவர் வைத்து, ஆட்களைச் சுரங்கப்பாதைக்குள் தள்ளினார்கள். 2018இல் வாக்கெடுப்பு வைத்தார்கள், 65 சதவீதம் பேர் மூடியே இருக்கட்டும் என்றார்கள். எனக்கு அப்போதுதான் குடியுரிமை வந்திருந்தது, திறக்கச் சொல்லி வாக்களித்துத் தோற்றேன். நம் வாட்ஸப் குழுவில் "கார் ஸ்லோ ஆகிடும்" என்ற ஒரே வாதம்தான். அப்புறம் என்ன ஆயிற்று? சுரங்கத்தின் மேல் போட்ட நீர்க்காப்பு ஒழுகத் தொடங்கியது. பழுது பார்க்க 7.3 கோடி டாலர் வரை ஆகும் என்றதும், 2025 ஜூனில் சுவரை உடைத்துத் திறந்துவிட்டார்கள். ஜனநாயகத்தால் முடியாததைத் தண்ணீர்க் கசிவு முடித்துவைத்தது.

இந்த ஊர் விழாக்களில், ஹாக்கி ஆட்டத்தில்கூட, இது முதலாம் ஒப்பந்த நிலம், அதாவது பூர்வகுடிகளோடு அரசு போட்ட ஒப்பந்தத்துக்கு உட்பட்ட நிலம், என்று வாசிக்கிறார்கள். பல இடங்களில், எங்கள் குடிநீர் ஷோல் லேக் 40இலிருந்து வருகிறது என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் சங்க விழாவிலும் வாசித்தோம். வாசித்தவருக்கு அந்தப் பெயரை உச்சரிக்கவே அவசரம், அடுத்தது பிள்ளைகள் நடனம் காத்திருந்தது. அதைக் குறை சொல்லவில்லை, நானும் அப்போது சமோசா எண்ணிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு நாம் நடத்தும் வரவேற்புக் கூட்டத்தில், பிளாக் ஹீட்டருக்கு ஒதுக்கும் பத்து நிமிடத்தில் ஐந்தையாவது இதற்குக் கொடுங்கள். நகரத் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். நகர மன்றக் குழுவில் பெயர் கொடுத்துப் பேச அது வேண்டாம். குழாய் விஷயம் வரும்போது போய் உட்காருங்கள். பெரும்பாலும் காலி நாற்காலிகள்தான்.

போன ஆகஸ்டில் தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு ஃப்ரீடம் ரோடு வழியாகப் போனேன். நெடுஞ்சாலையிலிருந்து திரும்பினால் சரளைக்கல் பாதை, இரண்டு பக்கமும் பாறையும் ஊசியிலை மரமும். கால்வாய்ப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். அவன் இறங்கி எட்டிப் பார்த்தான்.

"இவ்ளோதானா மாமா? நம்ம ஊர் வாய்க்கால் மாதிரி இருக்கு. தாண்டிக் குதிக்கலாம் போல."

நீ தாண்டிப் பார் என்றேன். பார்த்தான், அகலத்தைக் கண்ணால் அளந்தான், வண்டியில் ஏறிக்கொண்டான்.